வெள்ளை இறகு வாங்கிய வீரர்: நகைச்சுவை நடிகர் ஆர்னல்டு ரிட்லி



படம் பார்க்கப் போனால் கதாநாயகன் பேரும் கதாநாயகி பேரும் எல்லாருக்கும் தெரியும். டாக்டராக வருகிறவர், தபால்காரராக வருகிறவர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போகிற தாத்தாவாக வருகிறவர், இவர்களின் பேர் யாருக்குத் தெரியும்? அந்த ஆளு வந்துட்டாரு என்று சொல்லிச் சிரிப்போம். அவ்வளவுதான். இவர்களைக் குணச்சித்திர நடிகர்கள் என்று சொல்வது வழக்கம். இங்கிலாந்து நாட்டின் பழைய நகைச்சுவைப் படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களின் தோள்மீதுதான் நின்றன. அவர்களில் ஒருவரைப் பற்றி இந்த மலரில் எழுதலாம் என்று எண்ணினேன். அவர் பெயர் ஆர்னல்டு ரிட்லி. நாடு முழுக்கத் தெரிந்த முகமாக அவர் ஆனபோது அவருக்கு வயது 72. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்க வேண்டிய வயது!

ரிட்லி 1896 ஆம் ஆண்டு ஜனவரி 7 ஆம் நாள், இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் உள்ள பாத் நகரில் பிறந்தார். ரோமானியர் காலத்து வெந்நீர் ஊற்றுக்குப் பேர் போன ஊர் அது. தகப்பனார் உடற்பயிற்சி ஆசிரியர். வாள்வீச்சு, குத்துச்சண்டை எல்லாம் சொல்லிக் கொடுப்பார். குடும்பத்துக்கு ஒரு சப்பாத்துக் கடையும் இருந்தது. இந்தச் சப்பாத்துக் கடையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மறுபடியும் வரும்.

பையன் விளையாட்டில் கெட்டிக்காரன். ரக்பி என்றால் உயிர். நாடகத்திலும் ஆசை. பாத் நகரில் பள்ளிப் படிப்பை முடித்து, பக்கத்து ஊரான பிரிஸ்டலில் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவர் படித்தது என்ன தெரியுமா? ஆசிரியர் பயிற்சி! நம்ம தொழில்தான். படித்துக்கொண்டிருக்கும்போதே பிரிஸ்டல் நாடகக் கொட்டகையில் சின்ன வேடம் ஏற்று மேடை ஏறினார். வாத்தியாராக வந்திருப்பாரா, நடிகராக வந்திருப்பாரா என்பதை அவர் முடிவு செய்வதற்குள் 1914 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் உலக யுத்தம் மூண்டது.

ரிட்லி உடனே போய்ப் பட்டாளத்தில் பெயர் கொடுத்தார். கால்விரல் சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு, 1915 டிசம்பரில், மறுபடியும் போனார். அதற்குள் எத்தனையோ ஆயிரம் பேர் செத்துப் போயிருந்தார்கள். அதனால் இந்த முறை கால்விரலை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. சமர்செட் காலாட்படையில் சாதாரண சிப்பாயாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

1916 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் சோம் நதிப் பக்கம் நடந்த சண்டையைப் பற்றிச் சரித்திரப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஜூலை 1 ஆம் நாள், ஒரே நாளில், பிரிட்டிஷ் படையில் ஏறக்குறைய 57,000 பேர் செத்தும் காயம் பட்டும் விழுந்தார்கள். அந்தச் சண்டை நவம்பர் வரை இழுத்தது. ரிட்லியின் படைப்பிரிவும் அதில் இறங்கியது. அவருக்குக் கிடைத்த காயங்களைக் கேளுங்கள். இரண்டு காலிலும் குண்டுச் சிதறல்கள். எதிரியின் துப்பாக்கிக் கட்டையால் தலையில் விழுந்த அடியில் மண்டை ஓட்டில் விரிசல். தொடை இடுக்கில் துப்பாக்கி முனைக் கத்தி பாய்ந்த குத்து. இடது கை நொறுங்கி, கடைசி வரை சரியாகப் பயன்படாமலே போயிற்று. மண்டையில் பட்ட அடியால், ஆயுள் முழுக்கத் திடீர் திடீரென்று மயங்கி விழும் உபத்திரவமும் வந்து சேர்ந்தது.

ஆஸ்பத்திரியில் கையைப் பரிசோதித்த ராணுவ டாக்டர் ஒருவர், இது நீயாகவே அறுத்துக்கொண்ட காயமா என்று கேட்டுவிட்டார். சண்டையிலிருந்து தப்பிப் போக அப்படிச் செய்தவர்களும் உண்டு, அதனால் கேட்டிருப்பார். இருந்தாலும் எப்படி இருந்திருக்கும் அந்த 20 வயது வாலிபனுக்கு! ரிட்லி அசராமல், ஆமாம் ஐயா, கையை நானே வெட்டிக்கொண்டேன், அது போதாதென்று என் மண்டையையும் நானே உடைத்து, கத்தியால் குத்தியும் கொண்டேன் என்கிற தோரணையில் கிண்டலாகவே பதில் சொன்னாராம். பிற்காலத்தில் நாடு சிரித்த நகைச்சுவை நடிகரை நான் இந்த இடத்தில்தான் முதலில் பார்க்கிறேன்.

1917 இல் இனி யுத்தத்துக்கு லாயக்கில்லை என்று அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படிக் காயம் பட்டு விலகியவர்களுக்கு அரசாங்கம் ஒரு வெள்ளிப் பதக்கம் கொடுத்தது. வட்டமாக, சட்டையில் குத்திக்கொள்ளும்படி இருக்கும். சட்டையில் எதற்காகக் குத்த வேண்டும்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

யுத்தம் ஆரம்பித்த அதே 1914 ஆகஸ்டில், ஓய்வு பெற்ற கடற்படைத் தளபதி ஒருவர் இங்கிலாந்தில் ஒரு வழக்கத்தைக் கிளப்பிவிட்டார். பட்டாள உடுப்பில்லாமல் தெருவில் நடக்கும் வாலிபர்களைக் கண்டால், பெண்கள் அவர்கள் கையில் ஒரு வெள்ளை இறகைக் கொடுக்க வேண்டும். நீ கோழை, உயிருக்குப் பயந்து வீட்டில் ஒளிந்துகொண்டிருக்கிறாய் என்று அதற்கு அர்த்தம். வாயால் திட்ட வேண்டியதில்லை, இறகு ஒன்று போதும். டிராம் வண்டியிலும் கடைத்தெருவிலும் பத்துப் பேர் பார்க்க இப்படி அவமானப்பட்டவர்கள் எத்தனையோ பேர். விடுமுறையில் வந்த சிப்பாய்களும், காயம் பட்டவர்களும்கூடத் தப்பவில்லை. அந்த அவமானத்திலிருந்து காப்பதற்கும் அந்த வெள்ளிப் பதக்கம் உதவியது.

ஒருநாள் ரிட்லி தெருவில் நடந்து போகும்போது ஒரு பெண் அவரிடமும் வெள்ளை இறகை நீட்டினாள். உள்ளே துண்டு இரும்பு கிடக்கும் கால். விரல் மடங்காத கை. விரிசல் விட்ட மண்டை. இத்தனையும் வைத்துக்கொண்டிருந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் அதை வாங்கிக்கொண்டார். சண்டை போடவில்லை, சட்டையைக் கழற்றிக் காட்டவில்லை. அரசாங்கம் கொடுத்த பதக்கம் அப்போதும் அவரிடம் இருந்தது. ஆனால் சட்டையில் இல்லை, பைக்குள்! தான் காயம் பட்டவன் என்பதை ஊருக்கு விளம்பரம் செய்ய விருப்பமில்லை என்று பின்னாளில் காரணம் சொல்லியிருக்கிறார்.

யுத்தம் முடிந்ததும் ரிட்லி பர்மிங்காம் நகரத்து நாடகக் குழுவில் சேர்ந்தார். வாரத்துக்கு ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று புதுப்புது நாடகம் போடும் குழுக்கள் அந்தக் காலத்தில் ஒவ்வொரு பெரிய பட்டணத்திலும் இருந்தன. நடிகனுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஒரு வாரம் வேலைக்காரன், மறு வாரம் பிரபு. பிறகு பிளிமத் நகரத்திலும் நடித்தார். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. பழைய காயங்கள் மறுபடி தலை தூக்கின. வேறு வழியில்லாமல் 1921 வாக்கில் நடிப்பை விட்டுவிட்டுப் பாத் நகரத்துக்கே திரும்பி, தகப்பனார் சப்பாத்துக் கடையில் வேலைக்கு நின்றார். வருகிறவர்களின் காலை அளந்து சப்பாத்து மாட்டிவிடும் வேலை. வயது இன்னும் முப்பதுகூட ஆகவில்லை.

கடையில் நின்றுகொண்டே நாடகம் எழுத ஆரம்பித்தார். முதலில் எழுதியவை எடுபடவில்லை. பிறகு வந்தது ஒரு ராத்திரி!

பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் மேங்காட்ஸ்ஃபீல்டு என்று ஒரு சின்ன இரயில் நிலையம். மாறிப் போக வேண்டிய இரயிலுக்காக ரிட்லி அங்கே பல மணி நேரம் தனியாகக் காத்திருக்க நேர்ந்தது. ஆளரவமே இல்லை. இருட்டு. அப்போது இரயில் வரும் சத்தம் கேட்கிறது. சத்தம் நெருங்குகிறது, பக்கத்திலேயே கடகடவென்று ஓடுகிறது, பிறகு தூரத்தில் தேய்ந்து மறைகிறது. ஆனால் தண்டவாளத்தில் இரயிலையே காணோம்! பேயா? அதுதான் இல்லை. நிலையத்துக்குப் பின்னால் இன்னொரு தண்டவாளம் வளைந்து போயிற்று. வேக இரயில்கள் நிலையத்துக்குள் வராமல் அந்த வளைவு வழியாகப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு மட்டும் கேட்கும். வேறொருவராக இருந்தால் வீட்டுக்கு வந்து போர்த்திப் படுத்திருப்பார். ரிட்லி பேனாவை எடுத்தார். 'பேய் இரயில்' என்ற நாடகம் பிறந்தது.

கதை இதுதான். கார்ன்வால் பக்கத்தில் ஒரு பாழடைந்த இரயில் நிலையம். தொடர் வண்டியைத் தவறவிட்ட பயணிகள் சிலர் ராத்திரி முழுக்க அங்கே தங்க வேண்டியதாகிவிட்டது. நிலைய அதிகாரி, இங்கே இருக்காதீர்கள், விபத்தில் அழிந்துபோன ஓர் இரயில் நள்ளிரவில் பேயாக வரும், பார்த்தவர்கள் பிழைக்க மாட்டார்கள் என்று பயமுறுத்துகிறார். சொன்னபடியே இரயிலும் வருகிறது. உண்மையில் அது திருட்டுத்தனமாக ஆயுதம் கடத்துகிறவர்களின் இரயில். யாரும் கிட்டே வரக்கூடாது என்பதற்காகக் கட்டிவிட்ட கதைதான் பேய். பயணிகளில் ஒருவன் சதா அசட்டுப் பிசட்டென்று பேசி எல்லார் கழுத்தையும் அறுத்துக்கொண்டிருப்பான். கடைசியில் பார்த்தால் அவன்தான் துப்பறியும் அதிகாரி!

மேடையில் இரயிலைக் காட்ட முடியுமா? சத்தத்தாலேயே காட்டினார்கள். மரச் சட்டங்களைத் தரையில் வரிசையாக அடித்து, அவற்றின் மேல் புல்தரை சமப்படுத்தும் கனமான உருளையை உருட்டினால், சக்கரம் தண்டவாள இணைப்பில் ஏறி இறங்கும் சத்தம் வரும். கூடவே தகர முழக்கம், முரசு, விசில். பள்ளிக்கூட நாடகத்தில் தகரத்தை ஆட்டி இடி இடிக்க வைக்கிறோமே, அதே வித்தைதான், கொஞ்சம் பெரிய அளவில். கொட்டகை அதிர்ந்தது என்கிறார்கள்.

1925 நவம்பரில் லண்டன் செயிண்ட் மார்ட்டின் கொட்டகையில் அரங்கேறிய இந்த நாடகம் 655 தடவை தொடர்ந்து நடந்தது. 1927 இல் பேசாத படமாகவும், 1931 இல் பேசும் படமாகவும், 1941 இல் ஆர்தர் ஆஸ்கி என்ற நகைச்சுவை நடிகரை வைத்து மறுபடியும் படமாகவும் வந்தது. சப்பாத்துக் கடைக்காரர் லண்டனில் பெயர் பெற்ற நாடக ஆசிரியர் ஆகிவிட்டார். மொத்தம் 30 க்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். 'பேய் இரயில்' அளவுக்கு வேறு எதுவும் போகவில்லை.

கையில் காசு வந்ததும் சும்மா இருந்திருக்கலாம். 1930களின் நடுவில் இன்னொருவருடன் கூட்டுச் சேர்ந்து சொந்தமாகப் படக் கம்பெனி ஆரம்பித்தார். ஒரு படம் 1936 இல் வெளிவந்தது. அடுத்ததற்குள் பணம் கொடுத்து வந்த இடம் படுத்துவிட்டது, கம்பெனியும் மூழ்கியது. கடன் கழுத்தை நெரித்தது. அந்தக் கஷ்ட காலத்தில், 'பேய் இரயில்' நாடகத்தை ஊர்ச் சங்கங்களும் அமெச்சூர் குழுக்களும் நடத்துவதற்கான உரிமையைச் சொற்பத் தொகைக்கு விற்றுவிட்டார். அதற்குப் பிறகு அது எத்தனை ஊர்களில், எத்தனை ஆயிரம் தடவை நடந்தது என்பதற்குக் கணக்கே இல்லை. டிக்கெட்டுப் பணத்தில் ஒரு சல்லிக் காசும் எழுதியவருக்கு வரவில்லை. ஆனாலும் வாங்கிய கடனிலிருந்து அவர் ஓடி ஒளியவில்லை. ஆண்டுக் கணக்கில் உழைத்து அடைத்தார். வயதான காலத்தில் சின்னச் சின்ன வேடங்களுக்கெல்லாம் அவர் தலையாட்டியதற்கு இந்தக் கடன் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இதற்கிடையில் 1939 இல் இரண்டாம் உலக யுத்தம் வந்தது. ரிட்லிக்கு வயது 43. ஒரு கை விளங்காது, மயக்க நோய் வேறு. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவராகவே போய் மறுபடியும் பட்டாளத்தில் சேர்ந்தார்! அதிகாரி பதவி கொடுத்துப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். போர்முனைக்கு வரும் பத்திரிகைக்காரர்களை அழைத்துப் போய்க் காட்டும் பொறுப்பு. செர்பூர் துறைமுகத்தில் இறங்கிய சில மணி நேரத்திலேயே, 23 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பழைய பயம் அப்படியே வந்து அவரைப் பிடித்துக்கொண்டது. உடம்புக் காயம் ஆறினாலும் மனசுக் காயம் ஆறவில்லை. அந்த யுத்தத்தில் கண்டதைப் பற்றி அவர் வெளியில் அதிகம் பேசியவரும் அல்லர். 1940 மே மாதம் ஜெர்மன் படை பிரான்சை விழுங்கியபோது, போலோன் துறைமுகத்திலிருந்து தப்பிய கடைசி பிரிட்டிஷ் கப்பலில் நெருக்கியடித்துக்கொண்டு நாடு திரும்பினார். உடல்நிலை காரணமாக அடுத்த மாதமே பட்டாளத்திலிருந்து விடுவித்துவிட்டார்கள்.

அப்போதும் அடங்கினாரா? இல்லை. அவர் குடியிருந்த கேட்டர்ஹாம் ஊரில் ஹோம் கார்டு படையில் சேர்ந்தார். ஜெர்மானியர் எந்த நேரமும் கடல் தாண்டி வந்து இறங்குவார்கள் என்ற நிலையில், 1940 மே 14 ஆம் நாள் மந்திரி ஆந்தனி ஈடன் வானொலியில் பேசி ஊர்க்காவலுக்குத் தொண்டர்களை அழைத்தார். ஒரே வாரத்தில் 2,50,000 பேர் பெயர் கொடுத்தார்கள். சில மாதங்களில் அது பத்து லட்சத்தைத் தாண்டியது. பட்டாளத்துக்கு வயது போதாத பையன்களும், வயது தாண்டிய பெரியவர்களும்தான் அதிகம். ஆரம்பத்தில் துப்பாக்கிகூட எல்லாருக்கும் கிடையாது. துடைப்பக் கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, காலைப் பெரட்டுக்கு நிற்பது போல வரிசையாக நின்று பயிற்சி செய்தார்கள். ஹோம் கார்டு என்ற பெயர் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குப் புதிதல்ல. 1950களில் மலாயாவில் அவசரகாலத்தின்போது இதே பெயரில் ஊர்க்காவல் படை இருந்ததே! இங்கிலாந்துப் படை 1944 டிசம்பரில் ஓய்வு பெற்றது.

யுத்த காலத்தில் சிப்பாய்களுக்காக நாடகம் போடும் அமைப்பிலும் ரிட்லி உழைத்தார். பிறகு ஆல்தியா பார்க்கர் என்ற நடிகையை மணந்தார். முன்னே இரண்டு கல்யாணங்கள் நிலைக்கவில்லை, இது கடைசி வரை நிலைத்தது. ஒரே மகன் நிக்கலஸ். அதன் பிறகு இருபது வருஷம் மேடை, வானொலி, சினிமா, தொலைக்காட்சி என்று கிடைத்த வேடத்தில் நடித்தார். 'ஆர்ச்சர்ஸ்' என்ற புகழ் பெற்ற வானொலித் தொடரில் ரொட்டிக்காரர். ஒரு தொலைக்காட்சித் தொடரில் பாதிரியார். முகம் தெரியும், பேர் தெரியாது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்தார்.

1968 இல் பி.பி.சி. தொலைக்காட்சி 'டாட்ஸ் ஆர்மி', அதாவது 'அப்பாவின் பட்டாளம்', என்ற நகைச்சுவைத் தொடரைத் தயாரித்தது. ஹோம் கார்டைப் பற்றிய கதை. எழுதியவர்கள் ஜிம்மி பெர்ரி, டேவிட் கிராஃப்ட் இருவரும். பெர்ரி தம் பதின் வயதில் ஹோம் கார்டில் இருந்தவர், அதனால் விஷயம் தெரிந்து எழுதினார். கடற்கரையோரச் சிற்றூர் ஒன்றில், பேங்கு மேனேஜர் மேன்வாரிங் தளபதி, பேங்கு குமாஸ்தா சார்ஜண்டு, கசாப்புக் கடைக்காரர் கார்ப்பரல், பிணப்பெட்டி செய்கிறவர் ஒரு சிப்பாய், தாயார் போட்ட கழுத்துத் துண்டைக் கழற்றாத வாலிபன் ஒரு சிப்பாய். இவர்களோடு சிப்பாய் காட்ஃப்ரே. அதுதான் ரிட்லி.

ஆள் எடுக்கும்போதே கிராஃப்ட் எச்சரித்தாராம், கொஞ்சம் ஓட ஆட வேண்டியிருக்கும், உங்களுக்குச் சலுகை தர முடியாது, சமாளிப்பீர்களா என்று. சமாளிப்பேன் என்றார் 72 வயது ரிட்லி. ஒன்பது ஆண்டுகள் சமாளித்தார்! 1968 ஜூலை 31 முதல் 1977 நவம்பர் 13 வரை மொத்தம் 80 பகுதிகள். நல்ல நாளில் ஒரு பகுதியை 1 கோடியே 80 லட்சம் பேர் வரை பார்த்தார்கள். கடைசிப் பகுதியில் அவருக்கு வயது 81.

காட்ஃப்ரே எப்படிப்பட்டவர்? 35 வருஷம் ஒரு பெரிய துணிமணிக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டாலி, சிசி என்ற இரண்டு வயதான சகோதரிகளோடு பூந்தோட்டம் சூழ்ந்த சின்ன வீட்டில் இருக்கிறார். டாலி கேக்கு செய்வதில் கைகாரி. காட்ஃப்ரே காவல் முறையில் தூங்கிவிடுவார். முக்கியமான நேரம் பார்த்து, ஐயா கொஞ்சம் வெளியே போய்விட்டு வரட்டுமா என்று கேட்பார், சிறுநீர் உபாதை! மரியாதை குறையாத மெல்லிய குரல், குழந்தைச் சிரிப்பு. ரிட்லி இதற்கு ஒரு சேட்டையும் செய்யவில்லை. முகத்தைக் கோணவில்லை, தடுக்கி விழவில்லை. சும்மா நின்றார். சுற்றி எல்லாரும் கத்திக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் அமைதியாக நின்றால் கண் அவரிடமே போகும். அதுதான் அனுபவம். அதே தொடரில் கிழட்டுக் கார்ப்பரலாகத் துள்ளிக் குதித்த கிளைவ் டன்னுக்கு அப்போது 48 வயதுதான். வாலிபர் கிழவராக நடிக்க, நிஜக் கிழவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்!

அந்தக் கோமாளிப் பட்டாளத்தில் நடித்தவர்களில் பலர் நிஜப் பட்டாளம் பார்த்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கிளைவ் டன் கிரீஸ் நாட்டில் பிடிபட்டு நான்கு வருஷம் ஜெர்மானியர் கைதியாக இருந்தவர். சார்ஜண்டாக வந்த ஜான் லெ மெசூரியர் டாங்கிப் படையில் கேப்டனாக இந்தியாவில் இருந்தவர். பிணப்பெட்டிக்காரராக வந்த ஜான் லாரி, ரிட்லியைப் போலவே முதல் யுத்தத்தில் சண்டையிட்டு, இரண்டாம் யுத்தத்தில் ஹோம் கார்டில் இருந்தவர்.

1969 நவம்பரில் ஒளிபரப்பான ஒரு பகுதியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காட்ஃப்ரே படையிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுக்கிறார். ஏன் என்று தளபதி கேட்கிறார். தோட்டத்தில் ஓர் எலியைக் கொல்லப் போய், கை வரவில்லை. எலியையே கொல்ல முடியாதவன் மனுஷனை எப்படிக் கொல்வேன் என்கிறார் காட்ஃப்ரே. கிண்டிக் கேட்டதில் இன்னொன்றும் வெளிவருகிறது: முதல் யுத்தத்திலும் அவர் மனசாட்சிக்கு விரோதம் என்று சொல்லித் துப்பாக்கி எடுக்க மறுத்தவர். அவ்வளவுதான்! நேற்று வரை ஒன்றாக டீ குடித்தவர்கள் இன்று முகம் திருப்புகிறார்கள். கோழை என்று பட்டம். கிழவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

பிறகு ஒரு பயிற்சியின்போது புகை மண்டிய குடிசைக்குள் தளபதி மயங்கி விழுந்துவிட, ஊர்ந்து உள்ளே போய் அவரை இழுத்து வந்தவர் அதே காட்ஃப்ரே. புகையினால் படுத்த படுக்கையாகிவிட்டார். பார்க்க வந்த தளபதியும் மற்றவர்களும் சுவரில் தொங்கும் படத்தைக் கவனிக்கிறார்கள். வாலிப காட்ஃப்ரே, மார்பில் வீரப் பதக்கம்! சகோதரிதான் விஷயத்தைச் சொல்கிறாள். கொல்ல மறுத்தவர் மருத்துவப் படையில் சேர்ந்து, சோம் நதிச் சண்டையில், குண்டு மழைக்கு நடுவில் ஓடிக் காயம் பட்டவர்களைத் தூக்கி வந்து உயிர் காப்பாற்றியவர். பதக்கத்தை ஏன் அணிவதில்லை என்றால், படாடோபமாக இருக்கும் என்று அவருக்குக் கூச்சம். அன்றிலிருந்து காட்ஃப்ரே தோளில் சிவப்புச் சிலுவை போட்ட முதலுதவிப் பை தொங்க ஆரம்பித்தது.

அந்தக் காட்சியில் படுக்கையில் கிடந்தது யார்? அதே சோம் சண்டையில் நிஜமாகவே கை போனவர், அரசாங்கப் பதக்கத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு தெருவில் வெள்ளை இறகை வாங்கிக்கொண்டவர். சண்டைக்குப் போகாதவன் என்று அவமானப்படும் கிழவராக அன்று நடித்தார். பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? நகைச்சுவைத் தொடரில் அழ வைப்பது எளிதல்ல. என்னைக் கேட்டால், அந்த 80 பகுதிகளில் ஒன்றைத்தான் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் இதையே பாருங்கள் என்பேன்.

1971 இல் இந்தத் தொடர் சினிமாப் படமாகவும், 1975 இல் மேடை நிகழ்ச்சியாகவும் வந்தது. இரண்டிலும் ரிட்லி உண்டு. வயதான காலத்தில் வந்த புகழை அவர் அமைதியாக அனுபவித்தார். சிறு வயதில் ஆடிய பாத் ரக்பி சங்கத்தை அவர் மறக்கவில்லை. அதன் தலைவராகவும் இருந்திருக்கிறார். நாடகத் துறைக்குச் செய்த சேவைக்காக 1982 இல் அவருக்கு ஓ.பி.இ. விருது கிடைத்தது. 1984 ஆம் ஆண்டு மார்ச் 12 ஆம் நாள், லண்டனை ஒட்டிய நார்த்வுட்டில், தம் 88 ஆம் வயதில் காலமானார். அவருடைய சாம்பலைப் பாத் நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில், தாய் தகப்பனார் கல்லறையிலேயே புதைத்தார்கள்.

மகன் நிக்கலஸ் 2009 இல் தகப்பனாரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மேங்காட்ஸ்ஃபீல்டு நிலையம் 1966 இலேயே மூடப்பட்டுவிட்டது. இரயில் ஓடிய பாதையில் இப்போது சைக்கிள் ஓடுகிறது, பழைய பிளாட்பாரச் சுவர் மட்டும் நிற்கிறது. மாணவர்களுக்கு இன்னொரு செய்தி. 2015 இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ரே என்ற வீரப் பெண்ணாக நடித்தாரே டெய்ஸி ரிட்லி, அவர் இந்தப் பெரியவருக்குப் பேத்தி முறை. அவர் பிறந்தது 1992 இல், பெரியவர் காலமாகி எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு.